பதினோரு மணிக் காட்சி

ஜூன் 2, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: எனக்கு இதில் விருப்பம் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா பஜ்ஜித் தட்டைக் கையில் திணித்து, "போ, முதல்ல பெரியவங்களுக்கு வை" என்று முன்னறைக்குத் தள்ளிவிட்டாள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஐந்து பேர். மாப்பிள்ளை நவநீதன், கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் இன்ஜினீயர், ஷிப்ட் வேலை. கூடவே அவருடைய அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா. ஐந்து பேருக்கும் சேர்த்துப் பேசியது பெரியம்மாதான். கும்பகோணத்துக் கொசுவில் தொடங்கி என் சம்பளம் வரை வந்து நின்றார். நவநீதனின் அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்து, தெருமுனைச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மட்டும் என் கையைப் பிடித்து, "பஜ்ஜி நல்லா இருந்துது கண்ணு" என்றார். பஜ்ஜி கடையில் வாங்கியது. அதையும் நான் சொல்லவில்லை.

மாடியில் சிறிது நேரம் தனியாகப் பேச விட்டார்கள். "சினிமாவெல்லாம் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். "எப்பவாவது" என்றேன்.

ஞாயிறுதோறும் லைப்ரரிக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகத் தியேட்டருக்குப் போகிறவளுடைய பதில் அது. பையில் ஒரு நாவல் இருக்கும், இடைவேளையில் நாலு பக்கம் படிப்பேன். ஆகவே லைப்ரரி முழுப் பொய் இல்லை. படம் விட்டதும் வாசலில் மைக் நீட்டுகிறவர்களிடம் அகப்படாமல், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு வழியாக நழுவிவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒரு படத்தைப் பற்றிக்கூட ஒருவரிடமும் வாய்விட்டுப் பேசியதில்லை.

"நீங்க பார்ப்பீங்களா?" என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

அப்பா ஒரு நம்பரைச் சீட்டில் எழுதித் தந்தார். "தம்பி நம்பர்தான், ஜாதகத்துலயே போட்டிருந்தாங்க. பேசிப் பாரு. மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லணும், ஆமா."

முகப்புப் படத்தில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக நவநீதன். முப்பது வயதாகியும் பட்டமளிப்பு விழாப் படத்தை வைத்திருக்கும் ஒருவரைப் பற்றி நல்லபடியாக நினைப்பது சிரமமாக இருக்கிறது.

ஜூன் 5, புதன்

எழுதிவிட்டேன். "வணக்கம், நான் எழில், கும்பகோணம். அப்பா இந்த நம்பரைக் கொடுத்தார். போனில் பேச எனக்கு வராது. எழுதலாமா?"

மத்தியானம் பதில் வந்தது. "எழுது கண்ணு. எனக்கும் அதுதான் சவுரியம். பேசுனா வூடு பூரா கேக்கும்."

கண்ணு! எடுத்த எடுப்பில்! போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு, எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் சுகந்தி அக்காவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவளுக்குப் பவானி சொந்த ஊர். "அட, எங்கூர்ல ஆட்டுக்குட்டியக்கூடக் கண்ணுன்னுதான் கூப்புடுவோம்" என்றாள். நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

குக்கருக்கு காஸ்கெட் வாங்கினேன். அப்படியே லைப்ரரி.

லாரி டிரைவர் படம். நாமக்கல்லிலிருந்து அசாம் வரை ஓட்டிக்கொண்டு போகிறான். வில்லன் துரத்துகிறான், மழை பெய்கிறது, நாயகி மூன்று இடத்தில் டாட்டா காட்டுகிறாள். வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டே, என்ன தோன்றியதோ, அந்த நம்பருக்கு எழுதினேன்: "லாரிப் படம் பார்த்தேன். படத்தில் நன்றாக நடித்திருப்பது லாரி மட்டும்தான்."

அனுப்பிய பிறகுதான், "எப்பவாவது" என்று மாடியில் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஜூன் 11, செவ்வாய்

பதில்: "நீ எழுதுனதப் பாத்துட்டு நானும் இன்னைக்குப் பதினோரு மணிக் காட்சிக்குப் போயிட்டு வந்துட்டேன். லாரி நல்லா நடிச்சுது, ஒத்துக்கறேன். ஆனா பத்து நாளா லாரி ஓட்டறான், வெள்ளச் சட்ட அப்படியே இருக்குது. யாரு தொவச்சாங்க? அந்த ஆளப் படத்துல காட்டவே இல்ல."

அலுவலகம் என்பதை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். எத்தனையோ விமர்சனங்கள் படித்திருக்கிறேன். சட்டையைத் துவைத்த ஆளைத் தேடிய ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஷிப்ட் வேலையில் இது ஒரு வசதி, செவ்வாய்க்கிழமை காலையில் படத்துக்குப் போகலாம்.

ஜூன் 12, புதன்

அந்தப் பட்டமளிப்புப் படம் அவ்வளவு மோசமில்லை.

ஜூன் 18, செவ்வாய்

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. நான் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், ஆனால் எதுவும் சொல்லக் கூடாது. அவர் செவ்வாய்க்கிழமை பார்க்கிறார். அன்று மத்தியானம் இருவரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், மற்றவர் எழுதியதைப் பார்த்துவிட்டு மாற்றக் கூடாது.

இந்த வாரம் பேய்ப் படம். பேய் கண்ணாடியில் வந்தது, கிணற்றில் வந்தது, பால் பாக்கெட்டில் மட்டும்தான் வரவில்லை என்று நான் எழுதினேன். அவர் எழுதியது: "எனக்குப் பயமே வரல. பாவமாத்தான் இருந்துது. அம்பது வருசமா அந்த வூட்டுலயே கெடக்குது. பூசாரியக் கூட்டியாந்து வெரட்டறாங்களே ஒழிய, ஒருத்தராவது சாப்புட்டயான்னு கேட்டாங்களா?"

பிறகு இன்னொன்று: "ரேசன் கடைக்குன்னு சொல்லிட்டுத்தான் படத்துக்குப் போவேன். வூட்டுல யாருக்கும் தெரியாது. வந்த ஒடனே சமையல் வேலை சரியா இருக்கும். இத்தன வருசமா மனசுக்குள்ளயே வெச்சுக்குவேன், பேச ஆளில்ல. நீயும் வெளிய சொல்லிப்போடாத."

ரேஷனும் வாங்குகிறார், சமையலும் செய்கிறார், வெளியில் காட்டிக்கொள்வதும் இல்லை. நானும் லைப்ரரி என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன் என்று எழுதினேன். இதை ஒருவரிடம் சொல்வது இதுவே முதல் தடவை. "அப்ப ரெண்டு திருட்டும் ஒண்ணு சேந்துருச்சு" என்று பதில் வந்தது.

ஜூன் 20, வியாழன்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, பம்ப் கம்பெனி வேலை எப்படி என்று ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு வந்தது: "நவநீதனப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் கண்ணு. நீயே பாத்து முடிவு பண்ணிக்க. விக்கறவங்க மாதிரிப் பேச எனக்கு வராது."

தன்னையே மூன்றாம் மனிதரைப்போலப் பெயர் சொல்லி எழுதுகிறார்! இவ்வளவு அடக்கமும் கிண்டலும் ஒரே வரியில். நாலு தடவை படித்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

மாமியார் கொடுமைப் படம். நான் வசனங்களைக் கிழித்து ஒரு பக்கம் எழுதினேன். அவர் நாலு வரி: "அந்த மாமியாரு கல்யாண வூட்டுல அத்தன கத்து கத்துறா. காலைலருந்து நின்னுட்டே இருக்கறா, ஒரு நாற்காலி போட்டாங்களான்னு பாரு. படம் எடுத்தவனுக்குக் கால் வலின்னா என்னன்னு தெரியாது. ரெண்டு நிமிசம் ஒக்கார வெச்சிருந்தா படமே முடிஞ்சிருக்கும்."

ஒரு பெண்ணின் கால் வலியை இப்படிப் பார்க்கத் தெரிந்த ஆண்பிள்ளை ஒருவர் கோயம்புத்தூரில் பம்ப் செய்துகொண்டிருக்கிறார். நான் படித்த நாவல்களில்கூட இப்படி ஒருவர் வந்ததில்லை.

ஜூன் 28, வெள்ளி

அப்பாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து அம்மா என் வாயில் கொட்டினாள். பாதி ரவிக்கையில்.

ஜூலை 3, புதன்

ஆவணி முதல் வாரத்தில் நிச்சயம். மோட்டார் ஓடவில்லை. குழாய்க்காரர் வந்து, உள்ளே ஓணான் செத்துக் கிடந்ததாகச் சொன்னார். இன்று எதைக் கேட்டாலும் சிரிப்பு வருகிறது.

ஜூலை 7, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒப்பிலியப்பன் கோயிலுக்கு வருவதாகவும் அப்படியே வீட்டுக்கு வருவதாகவும் நவநீதன் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவே, "காபி சாப்பிட்டுட்டு வாங்களேன்" என்று எங்களை வெளியே அனுப்பினாள். ஓட்டலில் பித்தளை டபராக்களை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நேரில் பார்க்கும்போது கூச்சமாக இருந்தது. எழுத்தில் பழகிய குரலை முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

"ரயில்வே ஸ்டேஷன் படம் பார்த்துட்டீங்களா? செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா?" என்றேன்.

"எந்தப் படம்ங்க?"

"விளையாடாதீங்க."

"இல்லைங்க, நான் படமே பார்க்கறதில்ல. தியேட்டர்ல ஏசி போட்டதும் தூங்கிருவேன். கடைசியா காலேஜ்ல போனது. பசங்க எழுப்பித்தான் கூட்டிட்டு வந்தாங்க."

நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். "அப்ப பேய்க்கு யாரும் சாப்பாடு போடலைன்னு வருத்தப்பட்டது யாராம்?"

அவர் டபராவைக் கீழே வைத்தார். "அது எங்க அம்மா பேசற மாதிரி இருக்குதுங்க. யாரைப் பத்திப் பேச்சு வந்தாலும், அவங்க சாப்ட்டாங்களான்னுதான் மொதல்ல கேப்பாங்க." பிறகு மெதுவாக, "உங்ககிட்ட எந்த நம்பர் இருக்குது?" என்றார்.

காட்டினேன்.

"ஐயோ. இது அம்மா வெச்சிருக்கறதுங்க. புது போன் வாங்குனப்ப பழையத சிம்மோட அவங்களுக்குக் குடுத்துட்டேன். ஜாதகம் அதுக்கு முன்னாடியே அடிச்சது. போட்டோவ மாத்தறேன்னா விட மாட்டேங்கறாங்க. எம்பட பையன் படிச்சு வாங்குன தொப்பி, அது இருக்கட்டும்ங்கறாங்க."

எதிர் மேசையில் யாரோ ரவா தோசைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்கள். அந்தக் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நீங்க ஏன் ஒரு மெசேஜ்கூடப் போடலைன்னு நானும் யோசிச்சிட்டே இருந்தேன். சரின்னு சொல்லிட்டாங்க, ஆனா ஒரு ஹலோ இல்ல. கும்பகோணத்துல இதுதான் பழக்கம் போலன்னு விட்டுட்டேன். நானாக் கேட்டா பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க." அவரும் சிரித்தார். நல்ல சிரிப்புதான். "அம்மா உங்ககிட்ட அப்படி என்னதான் பேசுனாங்க? எங்ககிட்ட நாள் முழுக்க நாலு வார்த்த பேச மாட்டாங்களே?"

வூட்டுல யாருக்கும் தெரியாது, நீயும் வெளிய சொல்லிப்போடாத.

"சமையல் பத்தி" என்றேன்.

"பேய்?"

"டிவியில ஏதோ ஓடிச்சு."

வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தேன். வெள்ளைச் சட்டை, ரேஷன் கடை, கால் வலி. எவ்வளவு புத்தகம் படித்து என்ன, ஒரு வரியைக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை. பிறகு குழாயை மூடினேன். சிரிப்பும் நின்றது.

ஜூலை 8, திங்கள்

எழுதினேன்: "அத்தை, நீங்கதானா?"

"பின்ன யாரு கண்ணு? காச்சலா ஒனக்கு?"

நடந்ததை எல்லாம் எழுதினேன். பதில்: "அட சாமி! மாப்பிள்ளைன்னு நெனச்சுட்டா எங்கிட்டப் பேசுன? கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியாரக் கைக்குள்ள போட்டுக்கறா, வெவரமான புள்ளன்னு நானும் பெருமையா நெனச்சிட்டு இருந்தேன்!" அடுத்த நிமிடம்: "படத்துக்குப் போறத அவன்கிட்டச் சொல்லிட்டயா?"

"சொல்லவில்லை."

"கெட்டிக்காரி."

ஜூலை 9, செவ்வாய்

நவநீதனிடம் ஒரு குறையும் இல்லை. நல்ல மனிதர். ஆனால் நான் சரி சொன்னது அவருக்கு இல்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட அந்தச் சரியில் கிடையாது.

முதல் நாள் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசி முறிந்தால் இரண்டு வீட்டுக்கும் பிறகு பேச்சுவார்த்தை இருக்காது. எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நம்பரை அழித்துவிடுவார்கள். எனக்கு வாழ்க்கையில் படம் பேசக் கிடைத்தது ஒரே ஒருவர்.

மத்தியானம் எழுதி அனுப்பினேன்: "அத்தை, நான் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். அவரைப் பிடிக்காமல் இல்லை. அவரை எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்களைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன். இனி நீங்கள் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்."

படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை.

ஜூலை 10, புதன்

அப்பாவிடம் சொன்னேன்.

"போன மாசம் சரின்னியே?"

"ஆமாம்பா."

"அந்தத் தம்பி ஏதாவது தப்பாப் பேசினாரா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்னதான் காரணம்? அவங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

காரணத்தைச் சொன்னால் ரேஷன் கடை வெளியே வந்துவிடும். அம்மா அடுப்படியிலிருந்து, "அவ வாயைத் திறக்கலைன்னா கத்தி வச்சா திறக்கப்போறீங்க? விடுங்க" என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் தோசை மாவைக் கரைத்தேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது.

ஜூலை 11, வியாழன்

கோபிக்குப் போன் போட்டு எப்படிச் சொல்வது என்று அப்பா கூடத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே, அங்கிருந்து போன் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, நான் நவநீதன் அம்மா ருக்குமணி பேசறேன். இங்க எல்லாரும் ஒக்காந்திருக்காங்க, எல்லாரும் கேக்கட்டும்னுதான் பேசறேன். பொண்ணு வேண்டாம்னு சொல்றது நாயந்தானுங்க. அவ எம்பட பையன்கிட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல. நம்பர் மாறிப்போயி ஒரு மாசமா எங்கிட்டத்தான் பேசிட்டு இருந்தா. சினிமாவப் பத்தி. நான் வாராவாரம் செவ்வாக்கெழம பதினோரு மணிக் காட்சிக்குப் போவனுங்க. வூட்டுல சொல்றதில்ல. புள்ளைக்கு அது தெரியும். அதுனாலதான் உங்ககிட்டக் காரணம் சொல்லாம நிக்கறா."

அங்கே பின்னால் ஓர் ஆண்குரல் எழுந்தது. "ஏன்டி, ரேசன் கடையில எதுக்கு மூணு மணி நேரம்னு நானும் கேட்டுட்டே இருந்தேன்! கூட்டம் கூட்டம்னயே!"

"கூட்டமாத்தான் இருந்துது" என்றார் ருக்குமணி அத்தை. "தியேட்டர்ல."

பெரியம்மாவின் குரல் எழுந்தது. அது அடங்குவதற்குள் நவநீதன் சிரிப்பது கேட்டது. நிச்சயத்துக்கு முன்னாலேயே தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்று அவருடைய அப்பா சொன்னார். என் அப்பாவும் மெதுவாக, "ஆமாமா, அதுவும் சரிதான்" என்றார்.

போனை வைத்ததும் அப்பா என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா வாராவாரம் படத்தைப் பத்திப் பேசத் தெரியும்? ஞாயித்துக்கிழமை நீ லைப்ரரிக்குல்ல போற?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "எந்த லைப்ரரியில பாப்கார்ன் விக்கிறான்? நாலு வருஷமா அவ துப்பட்டாவைத் துவைக்கிறவ நான்" என்றாள்.

ஜூலை 13, சனி

வழக்கப்படி அப்பா கோபி நம்பர்களை அழித்துவிட்டார். என் போனில் அந்தத் தொப்பிப் படம் அப்படியே இருக்கிறது. ஒன்றும் வரவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இன்றும் வராது என்று நினைத்துக்கொண்டு, தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். வந்தது.

"ரயில்வே ஸ்டேசன் படத்துக்குப் போயிட்டு வந்துட்டேன். இப்பெல்லாம் சொல்லிட்டேதான் போறேன். அவரு கொண்டாந்து வுட்டுட்டுப் போறாரு. அந்தப் பையன் எதுக்கு அத்தாந் தூரம் ஓடறான்? ஒரு போன் அடிச்சிருந்தா ரயில்லருந்து எறங்கி நின்னிருப்பாளே. நீ என்ன சொல்ற?"

சுகந்தி அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, ஆட்டுக்குட்டி முகத்துல இவ்வளவு வெளிச்சம்?" என்றாள்.

ஓடியதுதான் படத்திலேயே எனக்குப் பிடித்தது என்று எழுதினேன். எனக்கும் அவருக்கும் முதல் சண்டை. மாலை வரை நடந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

திருச்சியில் சந்தித்தோம். அத்தை ஈரோட்டிலிருந்து ரயிலில் வந்தார், நான் பஸ்ஸில். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். அம்மா முறுக்கு கட்டித் தந்தாள். "கடையில வாங்கினதுன்னு இந்தத் தடவையாவது சொல்லிடு" என்றாள்.

தியேட்டரில் அவர் வாய் ஓயவில்லை. எழுத்தில் நாலு வரியோடு நிறுத்துகிறவர், இருட்டில் கதாபாத்திரங்களிடமே பேசுகிறார். "அவனை நம்பாத சாமி", "அடுப்ப அணைச்சிட்டுப் போ." முன்வரிசை ஆள் திரும்பிப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். அவர் என் கையில் ஒரு முறுக்கை வைத்தார்.

வெளியே வந்ததும் ஒருவன் மைக்கை நீட்டினான். நான் பழக்கத்தில் துப்பட்டாவை இழுத்தேன். அத்தை நின்றுவிட்டார்.

"படம் எப்படிம்மா இருக்கு?"

"எங்கிட்டக் கேக்காத தம்பி. இந்தப் புள்ளகிட்டக் கேளு. வெவரமாச் சொல்லுவா."

சொன்னேன். நின்று, முழுவதுமாக, இரண்டாம் பாதி ஏன் தொய்ந்தது என்பது வரை.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று கோபியில் நவநீதனுக்குக் கல்யாணம். பெண் சத்தியமங்கலம், பல் டாக்டர். அப்பா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவரே டிக்கெட் எடுத்தார். மண்டபத்தில் நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த அத்தையை உட்கார வைத்தேன்.

இன்று பதினோரு மணிக் காட்சிக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். புது மருமகளுக்குப் படம் பிடிக்கவில்லை.